எச்பி100 மாட்யூல் வச்சு நடக்குற வேகத்தை அளக்கலாம் வாங்க

மைக்ரோவேவ்னாலே வேவ்கைட், ஸ்மித் சார்ட்னு பயந்து ஒதுங்குறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எச்பி100 (HB100)-ங்குற சின்ன ரேடார் மாட்யூல் 10.525 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பும், நகர்ற ஆள் மேல பட்டுத் திரும்புறப்போ அதோட ஃப்ரீக்வென்சி லேசா மாறியிருக்கும், போனதையும் வந்ததையும் உள்ள இருக்குற மிக்ஸர் கலந்து வித்தியாசத்தை மட்டும் ஐஎஃப் (IF)-னு எழுதியிருக்குற அவுட்புட் பின்ல குடுத்துடும். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்துக்கு 19.49 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு மைக்ரோவேவ் அளவீடு காதால கேக்குற சத்தமா வந்து நிக்குது, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

ஸ்டெப் 1: பவர். சுத்தமான 5 வோல்ட் வேணும். சார்ஜர் வேணாம், இரைச்சல் ஜாஸ்தி, 9 வோல்ட் பேட்டரியோட 7805 (வோல்ட்டேஜை 5-ல நிறுத்துற ரெகுலேட்டர் ஐசி) போடுங்க. மாட்யூல் ஸ்டாட்டிக்ல சீக்கிரம் போயிடும், அதனால தொடுறதுக்கு முன்னாடி எர்த் ஆன இரும்பு எதையாவது தொட்டுக்கங்க.

ஸ்டெப் 2: ஆம்ப்ளிஃபையர். ஐஎஃப்ல வர்ற சிக்னல் ரொம்பக் குட்டி, அப்படியே லேப்டாப்ல குடுத்தா ஒண்ணும் தெரியாது. எல்எம்358 (LM358)-ங்குற ஆம்ப்ளிஃபையர் ஐசி எடுத்து 8-வது பின்னுக்கு 5 வோல்ட், 4-வது கிரவுண்ட். ரெண்டு 100கே ரெசிஸ்டர் வச்சு 5 வோல்ட்டைப் பாதியாக்கி 3-வது பின்னுக்குக் குடுங்க, ஐஎஃப்பையும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியா அங்கயே சேருங்க. 1-வது பின்னுக்கும் 2-வது பின்னுக்கும் நடுவுல 100கே, 2-ல இருந்து கிரவுண்டுக்கு 1கே-யும் 10 மைக்ரோஃபாரடும் சீரீஸ்ல. இந்தக் கெப்பாசிட்டரை விட்டுடாதீங்க, விட்டா அந்த 2.5 வோல்ட்டும் நூறு மடங்காகப் பாத்து அவுட்புட் மேல போய் ஒட்டிக்கும்.

ஸ்டெப் 3: 1-வது பின்ல இருந்து இன்னொரு 1 மைக்ரோஃபாரட் போட்டு லேப்டாப் மைக்குக்கு, கிரவுண்டையும் சேத்துக்கங்க. ஆடாசிட்டி (Audacity)-ங்குற இலவச ஆடியோ சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணுங்க.

ஸ்டெப் 4: சதுர சதுரமா ஆன்டெனா தெரியுற பக்கத்தை ஆளைப் பாத்து வச்சு, நேரா நடந்து வரச் சொல்லுங்க. ரெக்கார்டை செலக்ட் பண்ணி எந்த ஃப்ரீக்வென்சி எவ்வளவு இருக்குன்னு காட்டுற பிளாட் ஸ்பெக்ட்ரம் (Plot Spectrum) போடுங்க, சைஸ் 8192. 78 ஹெர்ட்ஸ் பக்கம் மேடு வந்தா வேகம் 4 கிலோமீட்டர். மேடு கூர்மையா இல்லாம பரவித்தான் இருக்கும், ஏன்னா உடம்பு ஒரு வேகம், வீசுற கை கால் வேற வேகம்.

ஆளே இல்லாம 100 ஹெர்ட்ஸ்ல கோடு நிக்குதா? பழைய சோக் போட்ட டியூப்லைட்டை அணைங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல உள்ள இருக்குற வாயு செகண்டுக்கு 100 தடவை மின்னி அலையைத் திருப்பி விடும், கணக்குல அது 5.1 கிலோமீட்டர்ல யாரோ நடக்குற மாதிரியே காட்டும்!

அதே மாதிரி கோணம். ரேடார் பாக்குற நேர்கோட்டுல இருந்து 60 டிகிரி சாய்வா நடந்தா பாதி வேகம்தான் காட்டும், ரேடார் தன்னை நோக்கி வர்ற பங்கை மட்டும்தான் பாக்கும். புயல் காத்தை அளக்குற டாப்ளர் ரேடாருக்கும் இதே கட்டுப்பாடு உண்டு.

ஆள் கிட்ட வர்றாரா, விலகிப் போறாரான்னு இதுல தெரியாது. அதுக்கு ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி ஃபேஸ் (அலையில கால் சுத்து) தள்ளி ரெண்டு ஐஎஃப் குடுக்குற மாட்யூல் வாங்கணும், ஸ்டீரியோ லைன்-இன்ல ஒண்ணு லெஃப்ட் ஒண்ணு ரைட்டுன்னு குடுத்துப் பாக்கலாம்.