எலைசாவில் பாலிமர் பிளாக்கர்: பேக்ரவுண்டைக் குறைக்கப் போய் சிக்னலைத் தொலைக்காதீர்கள்

ரத்தம் போன்ற மாதிரியில் ஆன்டிஜனோ (நோய்க்கிருமியின் புரதம் போன்றது), அதற்கு எதிரான ஆன்டிபாடியோ இருக்கிறதா என்று நிறத்தை வைத்துச் சொல்லும் டெஸ்ட்தான் எலைசா. அதன் பிளேட்டின் குழிகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். எந்தப் புரதம் வந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆன்டிஜன் ஒட்டியது போக மீதி இடத்தை அடைக்காமல் விட்டால், அப்புறம் ஊற்றுகிற ஆன்டிபாடி அங்கேயும் போய் உட்கார்ந்து, நோயே இல்லாதவரின் மாதிரியிலும் நிறம் வரும், இதுதான் பேக்ரவுண்ட். அடைக்கும் பொருள்தான் பிளாக்கர். அதற்குப் பால் பொடி, பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்த ஆல்புமின்) என்று விலங்குப் புரதங்கள்தான் வழக்கம். ஆனால் பாலில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின், அதைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தை வைத்துச் செய்யும் டெஸ்ட்டைக் கெடுக்கும், பி.எஸ்.ஏ.வில் மாட்டு ஆன்டிபாடி கலந்திருக்கலாம், லாட்டுக்கு லாட் மாறவும் செய்யும். அதனால் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்), பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்) போன்ற செயற்கைப் பாலிமருக்குப் போவது நல்ல யோசனைதான்.

போகிறவர்கள் அதிகம் சறுக்குவது, நெகட்டிவ் குழியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவதில். உதாரணத்துக்கு, முன்பு மெஷின் காட்டும் நிற அளவு நெகட்டிவ் மாதிரிக்கு 0.25, பாசிட்டிவ் மாதிரிக்கு 2.0 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 8 மடங்கு. பாலிமரைத் தாராளமாகப் போட்டதும் நெகட்டிவ் 0.05 ஆகிறது, பிளேட் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் பாசிட்டிவும் 0.3க்கு இறங்கிவிட்டதென்றால் இப்போது 6 மடங்குதான். டெஸ்ட் மோசமாகியிருக்கிறது. 0.1, 0.5, 1 சதவீதம் என்று வெவ்வேறு அளவில், குறைந்த பாசிட்டிவ் மாதிரி ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கரைப்பதிலும் அவசரம் வேண்டாம். பி.வி.ஏ. பொடியை வெந்நீரில் கொட்டினால் வெளியே வழவழவென்று, உள்ளே காய்ந்த பொடியோடு கட்டி கட்டியாக நிற்கும். குளிர்ந்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டே தூவி, அப்புறம் மெதுவாக 90 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கட்டியோடு ஊற்றினால் சதவீதக் கணக்கே பொய்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை தருவது. பாலிமர் பரப்பின் ஒட்டும் தன்மையை மட்டும்தான் சரிசெய்யும். சிலருடைய ரத்தத்தில் ஹெட்டரோஃபைல் ஆன்டிபாடியோ (விலங்கு ஆன்டிபாடியில் ஒட்டுவது) ருமட்டாய்டு ஃபாக்டரோ (மற்ற ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி) இருக்கும். பிளேட்டில் ஆன்டிபாடியை ஒட்டி ஆன்டிஜனைத் தேடும் டெஸ்ட்டில், அது அந்த ஆன்டிபாடியையும் நிறம் காட்டும் ஆன்டிபாடியையும் நடுவில் நின்று பாலம் போல இணைத்துவிடும், ஆன்டிஜனே இல்லாமல் பாசிட்டிவ் வரும். இதற்குப் பாலிமரை எவ்வளவு கூட்டினாலும் பிரயோஜனமில்லை. சந்தேகம் வந்தால் மாதிரியை நீர்த்துப் பாருங்கள், அளவு அதே விகிதத்தில் இறங்காவிட்டால் குறுக்கீடு இருக்கலாம். எலி ஆன்டிபாடியால் செய்த டெஸ்ட் என்றால், குறுக்கிடுவது அதில் போய் ஒட்டிக்கொள்ளட்டும் என்று, டைலுயன்ட்டில் (மாதிரியை நீர்க்கும் திரவம்) சாதாரண எலி ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியைச் சேர்ப்பதுதான் வழக்கமான வழி.

பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற பாலிமரைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதற்கு எதிரான ஆன்டிபாடி பலருக்கு ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது. நோயாளியின் ஆன்டிபாடியைத் தேடும் டெஸ்ட்டில் பி.இ.ஜி. பூசினால், நீங்கள் தேடாததும் வந்து ஒட்டும்.

பிளாக்கர் மாறினால் பழைய கட்-ஆஃப் (எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்ற எல்லை) செல்லாது. நெகட்டிவ் மாதிரிகளை மறுபடி ஓட்டிப் புதிதாகக் கணக்குப் போடுங்கள். வாங்கிய கிட் என்றால் அதோடு வந்த பிளாக்கரைத் தொடவே தொடாதீர்கள், அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் ஒருவருக்கு மருந்து எழுதப்போகிறார்கள்.