அக்ரிமென்டில் கையெழுத்துப் போடும் முன்: ஃப்ரீலான்ஸ் டெவலப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஃப்ரீலான்ஸில் இறங்கும் தம்பி தங்கைகள் அக்ரிமென்டை அனுப்பி, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பணம் வரும் முன்பே உரிமையை எழுதிக்கொடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் ஒரு மொத்த வியாபாரிக்கு ஸ்டாக், பில்லிங் ஆப் எழுதிக் கொடுத்தான். ஆப் ஓட ஆரம்பித்ததும் பாக்கிப் பணம் நின்றுவிட்டது. "கோடு (code) என்னுடையது, பணம் தராமல் பயன்படுத்தாதீர்கள்" என்று கடிதம் போட்டான். அவர்கள் வக்கீல் நான்காம் பக்கத்தைக் காட்டினார்: டெவலப்பர் ஒப்படைக்கும் எல்லா கோடின் பதிப்புரிமையும் கையெழுத்தான நாளிலிருந்தே வாடிக்கையாளருக்கு. "ரேட்டும் தேதியும் பாத்தனுங்ணா, மத்ததெல்லாம் எல்லா அக்ரிமென்ட்லயும் வர்றதுதானேன்னு விட்டுட்டனுங்க" என்றான்.

1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதிய கோடு முதலாளிக்குப் போகும். ஃப்ரீலான்சர் எழுதியது அவருக்கே சொந்தம்; எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுத்தால்தான் கைமாறும். சட்டம் நம் பக்கம் வைத்திருக்கும் ஒரே பிடியை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அந்தத் தம்பி எழுதி வைத்திருந்த தெர்மல் பிரின்டர் மாட்யூல் (பில் அச்சடிக்கும் கோடு) வேறு இரண்டு கடைகளின் ஆப்பிலும் இருந்தது. அதுவும் இப்போது இந்த வியாபாரிக்குச் சொந்தம் என்று வாதம்.

இப்படி எழுதச் சொல்லுங்கள்: "முழுத் தொகையும் டெவலப்பரின் கணக்கில் சேர்ந்த பிறகே பதிப்புரிமை மாறும். அதுவரை சோதித்துப் பார்க்க மட்டும் அனுமதி. டெவலப்பர் முன்பே எழுதி வைத்திருந்த கோடு அவருடையதே. இந்த ஆப்புக்குள் பயன்படுத்த அனுமதி உண்டு."

வாடிக்கையாளர் முறைத்தால் பேரம் பேச ஒரு வழி இருக்கிறது. உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 19-வது பிரிவுப்படி 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். "பணம் வந்ததும் காலவரம்பில்லாமல், உலகம் முழுவதற்கும் எழுதித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். நியாயமான ஆள் ஒத்துக்கொள்வார்.

கோபத்தில் சர்வரை மட்டும் முடக்காதீர்கள். அனுமதியில்லாமல் உள்ளே போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் உங்கள் மேலேயே வழக்கு வரும்.

உத்யம் பதிவைத் தள்ளிப்போடுவது

உத்யம் என்பது சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் ஆன்லைன் பதிவு. தனி ஆளாக இருந்தாலும் குறுந்தொழிலாகப் பதியலாம், கட்டணம் இல்லை. 2006 சிறு, குறு தொழில் சட்டப்படி, அக்ரிமென்டில் 90 நாள் தவணை என்று இருந்தாலும் வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

அக்ரிமென்டில் 'டெல்லியில்தான் ஆர்பிட்ரேஷன்' (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்ப்பது) என்று இருக்கும். அறுபதாயிரத்துக்காக யார் டெல்லிக்கு அலைவது? பதிவு இருந்தால், சிறு தொழில்களின் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் நம் மாநில ஃபெசிலிடேஷன் கவுன்சிலிலேயே புகார் கொடுக்கலாம். தனி ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் அதைத் தடுக்காது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பதிவை வேலை தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு உதவாமல் போகலாம்.

"இரண்டு வருடம் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது"

வேலை முடிந்த பிறகு இது செல்லாது. 1872 ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. இருந்தாலும் அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். ரகசியம் காக்கும் பிரிவு வேறு, அது கட்டுப்படுத்தும்.

வாடிக்கையாளர் வாய்ஸ் மெசேஜில் கேட்கும் மாற்றங்கள்

அன்றைக்கே மெயிலில் எழுதி, கூடுதல் தொகையோடு அனுப்பி, 'சரி' வாங்கிய பிறகு கோடைத் தொடுங்கள்.

பாக்கியை ஆறப்போடுவது

மூன்று ஆண்டு தாண்டினால் சிவில் வழக்கே போட முடியாது.