மைக்ரோவேவ் அவன் ரிப்பேர்: வெளிக்கவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

பிளக்கைப் பிடுங்கிவிட்டோம், இனி எங்கே ஷாக் அடிக்கப்போகிறது என்று ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதுதான் பெரிய தவறு. மிக்ஸிக்கும் அயர்ன்பாக்ஸுக்கும் அந்தத் தைரியம் போதும். மைக்ரோவேவுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 வோல்ட்டாக ஏற்றுகிறது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரும், கரண்டை ஒரே திசையில் விடும் டையோடும் சேர்ந்து அதை 4,000 வோல்ட் அளவுக்குக் கொண்டுபோய், சூடாக்கும் அலைகளை உண்டாக்கும் மேக்னட்ரானுக்குத் தருகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கலாம். அதை வடிக்கவென்றே உள்ளே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள்; அது போய்விட்டால் வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. டெஸ்டரில் லைட் எரியவில்லை என்பதையும் நம்பக்கூடாது, அது வீட்டு லைனைப் பார்க்கும் கருவி. சாதாரண மல்டிமீட்டரும் இந்த வோல்டேஜுக்கு ஆனதல்ல.

அதனால் என் கணக்கு எளிது. வெளிக்கவரைக் கழற்றாமல் முடிகிற வேலையை நாம் செய்யலாம், மற்றதெல்லாம் மெக்கானிக்குடையது.

கழற்றாமலே முடிகிறவை நிறைய உண்டு. உள்ளே படபடவென்று பொறி பறந்தால் 'மெஷின் போச்சு' என்று பலர் புதிதுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். உட்சுவரில் அட்டை மாதிரி ஒரு மைக்கா தகடு இருக்கும். எண்ணெயும் குழம்பும் தெறித்து அதில் கருகிப்போனால் பொறி வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய தகட்டை அளவு பார்த்து, புது மைக்காவைக் கத்தரியால் வெட்டிப் பொருத்தலாம். பொருத்தும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். தட்டு சுற்றவில்லையா, அடியில் உள்ள வளையத்தையும் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கப்ளரையும் சரியாக உட்கார வையுங்கள். பட்டன் வேலை செய்யாவிட்டால் சைல்டு லாக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஃபியூஸ். கவரைக் கழற்றி, எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் பொதுவாக மூன்று சின்ன சுவிட்சுகள் இருக்கும். கதவைத் திறந்ததும் கரண்டை நிறுத்துவது இரண்டின் வேலை. அவை ஒட்டிக்கொண்டால் மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் ஆகி ஃபியூஸை எரிக்கும், கதவு திறந்தபடி மெஷின் ஓடிவிடக் கூடாதே! ஆக, ஃபியூஸ் எரிந்தது கோளாறாக இல்லாமல் காவலாகவே இருக்கலாம். கம்பி சுற்றினால் அந்தக் காவல் போயிற்று.

லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் மேக்னட்ரான்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். டையோடாகவும் இருக்கலாம், அது மலிவு. மேக்னட்ரானே என்றால் கூலியோடு சேர்த்து விலை கேளுங்கள். புதிதின் பாதி விலையைத் தொட்டால், பழைய மெஷினுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பேன். கதவு கோணிப்போயிருந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், மெக்கானிக் 'கதவு சுவிட்சை டைரக்ட் பண்ணித் தருகிறேன்' என்றால், அதாவது சுவிட்சை ஒதுக்கிவிட்டு ஒயரை நேராக இணைக்கப் பார்த்தால், மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.