ஆச்சி கையெழுத்துப் போடுவாரா? கதைமாந்தரை உருவாக்கும் வழி

"வள்ளியம்மை ஆச்சிக்கு எழுபது வயது. சிவந்த நிறம். சிக்கனக்காரர்." முதல் கதை எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ரேஷன் கார்டு மாதிரி விவரம் இருக்கிறது, ஆளைக் காணோம். அவரை வரவழைப்போம். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஆச்சி மட்டும் பாக்கி.

படி 1: ஆசையும் முட்டுக்கட்டையும்

ஆச்சிக்கு என்ன வேண்டும்? "வீட்டை விற்கக் கூடாது" என்பது மட்டும் போதாது. ஏன் என்று கேளுங்கள். பேத்தி கல்யாணத்தை அந்த வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) நடத்திப் பார்க்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் கல்யாணச் செலவுக்குப் பணம், வீட்டை விற்றால்தான் வரும். சரி, கதை கிடைத்துவிட்டது.

படி 2: குணத்தைச் செயலில் காட்டுங்கள்

குணத்தை ஆசிரியரே சொல்லிவிடுவது நேர்முறை. செயல், பேச்சு, புழங்கும் பொருள், பிறர் நடத்தும் விதம் ஆகியவற்றை வைத்து வாசகரை ஊகிக்க விடுவது மறைமுக முறை. "சிக்கனக்காரர்" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்:

"தரகர் கொண்டுவந்த பலகாரப் பெட்டியின் சணலை ஆச்சி முடிச்சவிழ்த்து, விரலில் சுற்றி, மாடத்தில் வைத்தார். பெட்டியைத் திறக்காமலே சமையல்காரம்மாவிடம் நீட்டினார். 'பிள்ளைகளுக்குக் கொண்டுபோ.'"

சணலைச் சேமிக்கிறவர் பலகாரத்தைக் கொடுத்துவிடுகிறார். தரகர் தந்ததை அவர் தொடவும் இல்லை. இதையெல்லாம் நீங்கள் விளக்க வேண்டாம்.

அதற்காக நேர்முறையை ஒதுக்கிவிடாதீர்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது ஆச்சியின் மாமனார் ரங்கூன் கடையை விட்டுவிட்டு வந்தவர் என்றால், அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். அதைத் தனிக் காட்சியாக விரித்தால் கையெழுத்து விஷயம் ஆறிப்போகும்.

படி 3: பேச்சு

"அப்பத்தா, ஒரு கையெழுத்துத்தானே, போடுங்களேன்" என்கிறான் பேரன்.

"கல்யாணத்துக்கு எத்தனை கொட்டான் பின்னச் சொல்லணும்னு உங்க ஆத்தாகிட்ட கேட்டுட்டு வா."

கொட்டான் என்பது ஓலையில் பின்னும் கூடை. கேட்டதற்கு நேர்ப் பதில் வரவில்லை, ஆச்சியின் மனசு தெரிந்துவிட்டது. தரகர் வாயில் இதே ஆள் "ஆச்சி". யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலேயே உறவும் தூரமும் வந்துவிடும்.

படி 4: யாருக்கு எவ்வளவு இடம்?

ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். ஒரே குணத்தில் அடங்கிவிடுபவர் தட்டை. நம்பும்படியாக நம்மை வியக்கவைப்பவர் உருண்டை, அதாவது முழுமையான பாத்திரம். தரகர் தட்டையாகவே இருக்கட்டும். சிறுகதையில் எல்லோரையும் முழுமையாக்கப் போனால் கதை நகராது.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. முழுமையான பாத்திரம் மாறியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆச்சி கடைசிவரை அப்படியே இருக்கலாம், பேரன் மாறலாம். (செட்டிநாடு என்றதும் வட்டிக்கணக்கையும் வைரத்தோட்டையும் மாட்டிவிட்டால் பாத்திரம் ஆகிவிடாது. அந்த வேலையை மேடை நாடகத்துக்கு விட்டுவிடுங்கள்.)

படி 5: பயிற்சி

கையெழுத்துக் கேட்கும் காட்சியை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் பிடிவாதம், பாசம், கோபம் போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிட்டு நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஆச்சி எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் ஆச்சி செய்வதாக இன்னொரு காரியத்தைச் சேருங்கள். அடித்த சொல்லைத் திரும்ப எழுத வேண்டாம்.