நண்பருடன் வெந்நீர் ஊற்றுக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

வெந்நீர் ஊற்றுள்ள ஸ்பாவில் நண்பரோடு ஓரிரு நாள் ஓய்வெடுக்கலாம் என்று முடிவானதும் எல்லாவற்றையும் பேசிவிடுகிறோம். எந்த அறை, எந்த வண்டி, மசாஜ் எத்தனை மணிக்கு, என்னென்ன உடைகள் என்று பட்டியல் நீளும். பேசாமல் விடுவது இருவருடைய உடல்நிலையைத்தான். தண்ணீரும் அதன் சூடும் இருவருக்கும் பொதுவானவை. அவற்றைத் தாங்குகிற உடல்கள் வேறு வேறு. ஒருவருக்கு இதமாக இருக்கும் சூடு இன்னொருவருக்குப் பத்தே நிமிடத்தில் தலைசுற்றலைத் தரும். இந்தப் பயணங்களைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன என்றே நான் நினைக்கிறேன்.

சூடான தொட்டிகளில் நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நம் உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் வழக்கமாக நம் உடல் தோல் வழியாகவும் வியர்வை காய்வதன் வழியாகவும் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. கழுத்தளவு வெந்நீரில் அந்த வழிகள் அடைபட்டுவிடுகின்றன. வியர்க்கிறது, ஆனால் காய்வதற்கு இடமில்லை. சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அதைச் சமாளிக்கத் தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த அழுத்தம் இறங்குகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. மெலிந்த உடல் சீக்கிரம் சூடேறும். முதியவர்களின் உடலும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களின் உடலும் இந்த மாற்றத்துக்கு ஈடுகொடுக்கத் திணறும்.

ஆகவே நண்பரைப் பார்த்து நேரத்தை அளக்காதீர்கள். "நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேனே, நீ அதற்குள் எழுந்துவிட்டாயா?" என்ற ஒரு விளையாட்டுப் பேச்சு போதும், எழ நினைத்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். முதல் முறை இறங்குகிறவருக்குப் பத்து நிமிடம் தாராளம். வெளியே வந்து ஆறி, தண்ணீர் குடித்து, மறுபடி இறங்கலாம். பதினைந்து இருபது நிமிடம் என்பது பழகியவர்களுக்கு.

தயங்காமல் பேச வேண்டியவை

நெருங்கிய நண்பர்கள் என்றாலும் ஒருவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்பது இன்னொருவருக்குப் பல நேரம் தெரிவதில்லை. கிளம்புவதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், அடிக்கடி மயக்கம் வருபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே திட்டம் போட வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டு வெந்நீரில் இறங்கினால் சூட்டினால் அது வேகமாக உடலில் சேரும். ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று வரும் அறிகுறிகளைச் 'சூட்டினால்தான்' என்று இருவருமே தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும். அடுத்தது பாதம். நரம்புப் பாதிப்பால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குத் தண்ணீர் சுடுவதே தெரியாது. அவர் காலை விட்டுப் பார்க்கக்கூடாது. முழங்கையால் சூடு பார்க்கட்டும், அல்லது நண்பர் பார்த்துச் சொல்லட்டும்.

தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஃபென்டனில் போன்ற கடுமையான வலிநிவாரணிப் பட்டைகள் சூடுபட்டால் அளவுக்கு மீறி மருந்தை வெளிவிடும். அது உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட பட்டை போட்டிருப்பவர் வெந்நீரில் இறங்கவே கூடாது.

கர்ப்பம் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் தாயின் உடல்வெப்பம் மிகுந்தால் குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சியில் குறை ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. அந்த வாரங்களில்தான் பலரும் செய்தியை வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள். அதனால் தோழி "நான் இறங்கவில்லை, கரையில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றால் ஏன் என்று துளைக்காதீர்கள். கெஞ்சி இழுக்காதீர்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம்; மாதவிடாயாகவோ உடைமாற்றும் கூச்சமாகவோ இருக்கலாம். காரணம் சொல்லாமலேயே 'வேண்டாம்' என்று சொல்ல முடிகிற நட்பில்தான் ஓய்வு இருக்கிறது.

கூச்சத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடலாம். சில இடங்களில் நீச்சல் உடை கட்டாயம், சில இடங்களில் அதற்கு அனுமதியே இல்லை. மசாஜ் அறை இருவருக்கும் பொதுவாக இருக்கும் ஏற்பாடும் உண்டு. அங்கே போய் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைவிட, முன்பதிவின்போதே கேட்டுத் தனித்தனி அறை வாங்கிவிடலாம்.

எழும் நேரமே கவனிக்க வேண்டிய நேரம்

வெந்நீரில் மயங்கி விழுபவர்களில் பலர் எழுந்து நிற்கும்போது விழுகிறார்கள். நீருக்குள் இருக்கும்வரை நீரின் அழுத்தம் கால்களிலுள்ள ரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சட்டென்று எழுந்ததும் அந்த அழுத்தம் போய்விடுகிறது. ஏற்கெனவே விரிந்து கிடக்கும் குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்குகிறது. மூளைக்குச் சேர வேண்டிய பங்கு குறைகிறது. கீழே ஈரக் கல், பக்கத்தில் தண்ணீர்.

அந்த நொடி வருவதற்கு முன் உடல் சொல்லிவிடுகிறது, பார்க்கத் தெரிந்தால் போதும். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தைப் பாதியில் விடுவார். சிவந்திருந்த முகத்தில் உதடுகளைச் சுற்றி மட்டும் வெளிறும். "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே கைப்பிடியைத் தேடும் கை, இரண்டு விரற்கடை தள்ளிப் போய்க் காற்றைப் பிடிக்கும். இதைக் கண்டால் விவாதம் செய்யாதீர்கள். அவரைக் கரையோரமாக உட்காரவைத்து, தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மயக்கம் வருவதுபோல் இருந்தால் தண்ணீரிலிருந்து முழுக்க வெளியேற்றிப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். தெளிந்த பிறகு சிறிது சிறிதாகக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தெளியாவிட்டால், நெஞ்சுவலி இருந்தால், பேச்சு குழறினால் உடனே பணியாளர்களை அழைத்து மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

நன்றாக இருப்பவர்களும் எழுவதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். முதலில் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கால்கள் மட்டும் தண்ணீரில் இருக்க இரண்டு மூன்று நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் எழ வேண்டாம். ஒருவர் நின்று நிலைப்பட்ட பிறகு மற்றவர்.

மதுக் கோப்பையோடு வெந்நீரில் அமரும் விளம்பரப் படங்களை நம்பி ஏமாறாதீர்கள். மதுவும் ரத்தக் குழாய்களை விரிக்கும், உடலின் நீரைக் குறைக்கும், எச்சரிக்கை உணர்வை மழுங்கடிக்கும். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் கண்ணைச் சுற்றும். தூங்கினால் தலை நீருக்குள் சரியும். இதில் 'கொஞ்சம் மட்டும்' என்ற சமரசத்துக்கு நான் இடம் தரமாட்டேன். உடன் இருப்பவரும் குடித்திருந்தால் யாரை யார் பார்த்துக்கொள்வது?

ஊற்று நீர் வேறு, தொட்டி நீர் வேறு

ஸ்பாவில் வடிகட்டி, கிருமிநீக்கம் செய்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்திய நீர் ஒருவகை. மண்ணிலிருந்து நேராக வரும் நீர் இன்னொரு வகை. இரண்டையும் ஒரே மாதிரி நடத்துவது ஆபத்தான தவறு.

இயற்கையான குளத்தில் சூடு ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் இதமாக இருக்கும். ஊற்று பீறிடும் இடத்துக்கு அருகே சென்றால் கொப்பளித்துவிடும். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளில் விழுந்து வெந்து இறந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். 2016இல் ஓர் இளைஞர் குளிப்பதற்கு இடம் தேடி மரப்பாதையை விட்டு இறங்கியபோது அங்கே விழுந்து இறந்தார். பார்க்கக் கெட்டியாகத் தெரியும் கரை மெல்லிய ஓடாக இருக்கலாம். குளிக்க அனுமதி உண்டு என்று பலகை வைத்த இடத்தில் மட்டும் இறங்குங்கள், அங்கேயும் முதலில் சூட்டைச் சோதித்துப் பாருங்கள்.

இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்கிறது. 46 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீரை விழுங்கினால் ஒன்றும் செய்யாது. மூக்கின் வழியே ஏறினால் மூளையைத் தாக்கும். இந்த நோய் மிக அரிது. வந்தால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. இங்கிலாந்தின் பாத் நகரில் ரோமானியர் காலத்திலிருந்து புகழ்பெற்ற வெந்நீர்க் குளியல், 1978இல் ஒரு சிறுமி இந்த அமீபாவால் இறந்த பிறகு மூடப்பட்டது. அந்த ஊர் மக்கள் மறுபடியும் இயற்கையான வெந்நீரில் குளிக்க 2006 வரை, புதிய ஸ்பா திறக்கும்வரை, காத்திருந்தார்கள். எனவே சுத்திகரிக்காத ஊற்று நீரில் முங்கிக் குளிக்காதீர்கள், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்து விளையாடாதீர்கள். தலை மேலேயே இருக்கட்டும்.

கந்தக ஊற்றுகளில் அழுகிய முட்டை வாடை வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. சிறிது நேரத்தில் வாடை தெரியாமல் போகும். வாயு போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை, மூக்கு மரத்துவிட்டது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. காற்றோட்டமில்லாத தாழ்வான அறைகளில் தேங்கும். தலைவலியோ கண்ணெரிச்சலோ தொடங்கினால் உடனே இருவரும் திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள்.

அதே வாயு வெள்ளியையும் விடாது. ஒரே குளியலில் வெள்ளி மோதிரம் மஞ்சளடித்து, ஓரங்களில் கறுக்கத் தொடங்கிவிடும். நகைகளை அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸையும் கழற்றிவிடுங்கள். கூந்தலை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள். சிலிக்கா என்ற தாது மிகுந்த நீரில் நனைந்த முடி நாணலாக விறைத்துப் பல நாள் படாத பாடு படுத்தும். ஐஸ்லாந்தின் புளூ லகூன் என்ற வெந்நீர்க் குளத்துக்குப் போகிறவர்களிடம் முதலில் கண்டிஷனரைத் தடவிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

சவரம், வேக்ஸிங் எல்லாம் குறைந்தது ஒரு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். தோல் தேய்ப்பு சிகிச்சையையும் வெந்நீருக்கு முன்னால் வைக்காதீர்கள். இரண்டுமே தோலை மெல்லியதாக்கிவிடும், தாது நீர் பட்டால் காந்தும்.

நாளை அடைத்துவிடாதீர்கள்

வந்தது வந்தோம் என்று காலையில் மசாஜ், பிறகு நீராவி அறை, மதியம் முகப்பூச்சு, மாலையில் வெந்நீர் என்று ஒன்றுவிடாமல் பதிவு செய்பவர்களைப் பார்க்கிறேன். நாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து ஓடி, முந்தைய நாளைவிடக் களைத்துப் படுக்கிறார்கள். ஒரு நாளில் ஒரு சிகிச்சை, இரண்டு குளியல் போதும். மீதி நேரம் எதற்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் இறங்காதீர்கள், வெறும் வயிற்றிலும் இறங்காதீர்கள். மாலைக் குளியலைத் தூங்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக வையுங்கள். சூடேறிய உடல் மெதுவாக ஆறும்போதுதான் நல்ல தூக்கம் வரும்.

பேச்சிலும் இடைவெளி வேண்டும். ஒருவர் பல மாதக் கவலைகளைக் கொட்டித் தீர்க்க வந்திருப்பார். இன்னொருவர் ஒரு சொல்லும் கேட்காமல் கிடக்க வந்திருப்பார். இரண்டும் நியாயமே. தினமும் சில மணி நேரம் அவரவர் தனியே இருப்பது என்று முதல் நாளே பேசிக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. தனியே இருக்கும் அந்த நேரத்தில் மட்டும் வெந்நீரில் இறங்க வேண்டாம்.

கைப்பேசியை அறையில் விட்டுவிட்டு வாருங்கள். அரைகுறை உடையில் இருக்கும் மற்றவர்கள் உங்கள் படத்தின் பின்னணியில் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊர் திரும்பும் நாளில் கடைசியாக ஒரு முறை குளித்துவிட்டு அப்படியே வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடிப்பது பலர் செய்யும் தவறு. உடல் தளர்ந்திருக்கும், கண் சொருகும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறி, தண்ணீர் குடித்து, இருவரில் தெளிவாக இருப்பவர் ஓட்டட்டும்.

வீடு திரும்பிய ஓரிரு நாளில் நீச்சல் உடை மூடியிருந்த இடங்களில் சிவந்த அரிப்புப் பருக்கள் வரலாம். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத வெந்நீரிலுள்ள சூடோமோனாஸ் பாக்டீரியா செய்யும் வேலை இது. பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஈர உடையோடு நெடுநேரம் உட்கார்ந்தால் அதிகமாகும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்து இறுக்கம், இருமல், மூச்சுத்திணறல் எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள். வெந்நீர் ஊற்றில் குளித்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உடன் வந்த நண்பருக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.