நாயின் தோல் வறண்டு செதில் உதிர்ந்தால்: குளிப்பாட்டும் முன் பார்க்க வேண்டியது, பிறகு செய்ய வேண்டியது

கறுப்பு நாய் என்றால் சீக்கிரம் தெரிந்துவிடும். முதுகின் நடுக்கோட்டிலும் வாலுக்குச் சற்று மேலேயும் மாவு தூவியதுபோல் வெள்ளைத் துகள் நிற்கும். வெளிர்நிற நாய் என்றால் அது படுத்து எழுந்த விரிப்பை உதறினால்தான் தெரியும். பார்த்தவுடன் பலரும் செய்வது, வாரத்துக்கு ஒருமுறை இருந்த குளியலை இரண்டு முறை ஆக்குவது. அதில்தான் பொடுகு இன்னும் கூடும்.

நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோலின் பிஎச் 5.5 அளவில் சற்று அமிலத்தன்மையோடு இருக்கும். நாயின் தோல் 7-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதனால் நமக்கான ஷாம்பு, குறிப்பாக நம் தலைப்பொடுகுக்கு விற்கும் ஷாம்பு, நாய்க்கு ஒத்துவராது. தோலில் இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் அது வழித்துக்கொண்டு போய்விடும். இன்னொரு கணக்கையும் நினைவில் வையுங்கள்: நாயின் மேல்தோல் அடியிலிருந்து புதுப்பித்து மேலே வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். எதைத் தொடங்கினாலும் நான்கு நாளில் பலன் தெரியவில்லை என்று மாற்றிவிடாதீர்கள்.

முதலில் இது வெறும் வறட்சிதானா?

ஒரு வெள்ளைத் தாளையும் பேன் சீப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். வால் அடியிலிருந்து தோள் வரை முடியைப் பிரித்துப் பிரித்துச் சீவி, விழுவதைத் தாளில் கொட்டுங்கள். மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துணுக்கு விழுந்தால் அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சிவந்த பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். உங்கள் வேலை அப்போது பொடுகில் இல்லை, தெள்ளில் இருக்கிறது. நாயின் மேல் இருப்பது அதில் சிறு பங்குதான். முட்டையும் புழுவும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் கிடக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் திரும்ப வரும்.

தாளில் விழுந்த வெள்ளைத் துகளை நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. துகள் தானே நகர்ந்தால் அது செதில் பூச்சி. மனிதருக்கும் தொற்றும். நாயைத் தூக்கி வைத்துக்கொள்பவரின் கையிலும் வயிற்றிலும் அரிப்போடு சிறு கொப்புளம் வந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். வட்டமாக முடி கொட்டி விளிம்பில் செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதுவும் தொற்றும். காது நுனி, முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் இரவு பகல் பாராமல் சொறிந்தால் சிரங்குப் பூச்சியை நினைக்க வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கும் புளித்த வாடையும் சேர்ந்திருந்தால் அது வறட்சியே அல்ல. ஈஸ்ட் அல்லது பாக்டீரியா தொற்று அதில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பு இல்லாமல், சிவப்பு இல்லாமல், முடி கொட்டாமல், உலர்ந்த மெல்லிய செதில் மட்டும் உதிர்கிறது என்றால்தான் கீழே உள்ளதை வீட்டில் செய்து பார்க்கலாம்.

குளியல்

தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தோல் தேறியபின் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஷாம்பு நாய்க்கானதாக இருக்க வேண்டும். லேபிளில் ஓட்ஸ், கிளிசரின், செராமைடு ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். சாலிசிலிக் அமிலம், கந்தகம், பென்சாயில் பெராக்சைடு உள்ளவை பிசுக்குத் தோலுக்கானவை. வறண்ட தோலில் போட்டால் மேலும் வறளும். கடைக்காரர் ‘பொடுகு ஷாம்பு’ என்று கொடுப்பது பல நேரம் இந்த வகைதான்.

முதலில் நன்றாகச் சீவி உதிர்ந்த முடியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நனைந்ததும் சிக்கு இறுகி, தண்ணீர் தோல்வரை போகாது. தண்ணீர் வெதுவெதுப்பாக, மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றினால் சூடு தெரியாத அளவில் இருக்கட்டும். அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள நாய் மேலுக்கு நனைந்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கும். விரலை உள்ளே விட்டுப் பார்த்து, அடித்தோல் நனைந்தபின் ஷாம்பு போடுங்கள். ஷாம்புவை நேராகக் கொட்டாமல் ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரே சீராகப் பரவும். செதில் அதிகம் உள்ள இடத்தில் தொடங்குங்கள், அங்குதான் நுரை அதிக நேரம் நிற்க வேண்டும். 10 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. மனக்கணக்கில் விட்டால் மூன்று நிமிடத்திலேயே கை தண்ணீருக்குப் போய்விடும்.

அலசுவதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. அக்குள், தொடை இடுக்கு, கழுத்துக்கு அடியில், காலர் படும் இடம் ஆகியவற்றில் நுரை தங்கும். அது காய்ந்து அரிப்பும் செதிலும் ஆகும். தண்ணீர் தெளிந்து வடிந்தபின்னும் ஒருமுறை அலசுங்கள். துண்டால் அழுத்தித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே நாய்க்கான கழுவத் தேவையில்லாத கண்டிஷனரைப் பூசினால் ஈரம் உள்ளே தங்கும். முழுக்கக் காய்ந்தபின் பூசினால் பாதிப் பலன்தான். டிரையர் வேண்டுமென்றால் குளிர்காற்று மட்டும். குளியல் இல்லாத நாட்களில், வாரம் இரண்டு மூன்று முறை ஈரம் காக்கும் ஸ்ப்ரேயை முடியைப் பிரித்துத் தோலில் படும்படி அடியுங்கள்.

தெள்ளுக்காகத் தோள் நடுவில் சொட்டு மருந்து விடும் பழக்கம் இருந்தால் அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் வேண்டாம். அந்த மருந்து பரவத் தோலின் எண்ணெய்ப் பசை தேவை.

உள்ளே கொடுப்பது

கொழுப்புக் குறைந்த உணவு, சரிவிகிதம் பார்க்காமல் வீட்டில் சமைத்த உணவு, பல மாதம் திறந்தே கிடந்து எண்ணெய் கெட்ட தீவனம், இவை மூன்றும் ரோமத்தை மங்கச் செய்து செதிலை உதிர்க்கும். உணவை மாற்றுவதென்றால் 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள்.

மீன் எண்ணெயில் கணக்கு முக்கியம். நாயின் எடையில் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் வரை, இபிஏ-யும் டிஎச்ஏ-யும் (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகள்) சேர்த்து, ஒரு நாளைக்கு. காப்ஸ்யூல் மேல் பெரிதாக இருக்கும் 1000 என்பது மொத்த எண்ணெயின் அளவு. பின்பக்கம் திருப்பினால் பல காப்ஸ்யூல்களில் இபிஏ 180, டிஎச்ஏ 120 என்றுதான் இருக்கும், அதாவது 300. ஆக 10 கிலோ நாய்க்கு 500 மில்லிகிராம் வேண்டுமென்றால் ஒன்று போதாது, இரண்டு கொஞ்சம் கூடுதல். கால் பங்கில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். மலம் இளகினால் ஒரு படி இறங்குங்கள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தால்தான் ரோமத்தில் தெரியும். கணைய அழற்சி வந்த நாய்க்கும் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். காட் மீன் ஈரல் எண்ணெயை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் அதிகம், உடலில் சேர்ந்து கெடுதல் செய்யும்.

ஹஸ்கி, மாலமியூட் இனங்களில் கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு கட்டினால் துத்தநாகக் குறைபாடு இருக்கலாம். கோல்டன் ரிட்ரீவரில் குட்டியிலிருந்தே பெரிய பெரிய செதில் உதிர்ந்தால் அது பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அது முழுக்கப் போகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.

அறைக்காற்று வறண்டால் தோலும் வறளும். ஏசியோ ஹீட்டரோ நாள் முழுக்க ஓடும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருப்பது நல்லது.

பூசக் கூடாதவை

டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாக ஆக்சைடு களிம்பும் வேண்டாம், நக்கினால் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் செதில் ஒட்டிக்கொண்டு மறைந்ததுபோல் தெரியும். ஆனால் ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வளர்வது. தொற்று ஏற்கெனவே இருந்தால் அதற்குத் தீனி போட்டதாகிவிடும். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை யார் சொன்னாலும் நீங்களே கொடுக்காதீர்கள். கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் கோளாறால் அந்த மருந்து மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருத்துவரிடம் எப்போது

அரிப்பு, வாடை, புண், முடி கொட்டுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். கூடுதலாகத் தின்னாமலே எடை ஏறி, சோம்பி, இருபுறமும் ஒரே மாதிரி முடி மெலிந்தால் தைராய்டு குறைவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை தேவை. தண்ணீர் அதிகம் குடித்து வயிறு தொங்கினால் கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வரும் கஷிங் நோயாக இருக்கலாம். இவை இல்லாமல், நான்கு முதல் ஆறு வாரம் மேலே சொன்னதைச் செய்தும் குறையாவிட்டாலும் போக வேண்டும்.

தோலைச் சுரண்டிப் பார்க்காமலே ஸ்டீராய்டு ஊசி என்றால், காரணம் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். படர்தாமரையோ முடிவேரில் வாழும் டெமோடெக்ஸ் பூச்சியோ இருந்தால் அது இன்னும் பரவும். போகும் முன் மூன்று நான்கு நாளாவது குளிப்பாட்டாதீர்கள், ஸ்ப்ரேயும் வேண்டாம். சுத்தமான நாயின் தோலில் சுரண்டி எடுக்க ஒன்றும் இருக்காது. தீவனப் பை லேபிளையும் ஷாம்பு லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.