எண்ணெய் குளித்த துப்பாக்கி யோசித்துத்தான் வெடிக்கும்

பாரிமுனைப் பக்கம் உரிமம் பெற்ற துப்பாக்கி ரிப்பேர் கடையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் போய்ப் புதுப் பையன்களுக்கு வேலை காட்டுகிறேன். காட்டுகிறேன் என்பதைவிட, நான் செய்த பழைய கூத்தையெல்லாம் அவர்கள் மறுபடி செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி.

குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற துப்பாக்கிகள் இன்னும் வருகின்றன. மலைப்பக்கத்து விவசாயிகள் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஒற்றைக் குழல்தான் அதிகம். எப்போதாவது தாத்தா காலத்து ரைஃபிள் ஒன்றும் வரும். கொண்டு வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: “குதிரை விழுது, கேப் வெடிக்குது, ஆனா குழல் கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் வெடிக்குது.” (குதிரை என்பது விழுந்து அடிக்கும் சுத்தி; கேப் என்பது அந்த அடியில் வெடித்து மருந்துக்கு நெருப்பு கொடுக்கும் சின்னத் தொப்பி.) அதற்குக் காரணமான தவறுகளையும், கூடவே வேறு சில தவறுகளையும் பற்றி எழுதுகிறேன்; கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு. துப்பாக்கியை ஆள் பக்கம் நீட்டாதே, மருந்துப் பக்கத்தில் பீடி பிடிக்காதே போன்றவற்றை யாருக்கும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

குழல் காலி என்று நம்புவது

கஜக்கோலை, அதாவது மருந்தை இடித்துக் கெட்டிக்கும் கோலை, விட்டு அளந்து பார். வெளியே வைத்து அளந்ததைவிட உள்ளே குறைவாக இறங்கினால் லோடு, அதாவது கெட்டித்த மருந்து, இருக்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவுவது

கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு அதில் பாதிக்கு மேல் காற்றாக மாறுவதில்லை, திடமாகவே மிஞ்சுகிறது. அதில் கொஞ்சம் புகையாக வெளியே போகும், மீதிதான் குழலுக்குள் ஒட்டும் கசடு. அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். உப்பு தண்ணீரில்தான் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தால் கசடு தார் மாதிரிக் குழைந்து, துணியில் கொஞ்சம் கறுப்பாக வந்து, “சுத்தமாயிடுச்சு” என்று நம்மை நம்ப வைக்கும். ரைஃபிளாக இருந்தால் குழலின் உள்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

சோப்புத் தண்ணீர் போதும். முதல் தண்ணீர் மசிபோல வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். துணியில் கறுப்பு போய், சாம்பல் போய், வெள்ளை வரும்வரை விடக்கூடாது.

கொதிநீர் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவது

போகாதே. காசிமேட்டுக் கடல்காற்று அடிக்கிற ஊர் இது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் குழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்திருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கழுவிய கையோடு துடைக்க வேண்டும்.

எண்ணெயை அபிஷேகம் செய்வது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மேலே சொன்னதெல்லாம் பீடிகை.

போன வாரம் புதுப் பையன் ஒரு துப்பாக்கியைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, சுவரோரம் வாய் மேலே இருக்கும்படி சாத்தி வைத்துவிட்டு, “ஃபுல்லா எண்ணெ ஊத்திட்டேண்ணா, இனிமே துருவே ஏறாது” என்றான். முகத்தில் அத்தனை பெருமை. எனக்கு வந்த கோபம் அவன்மேல் இல்லை. 1990களில் இதே சுவரோரம் இதே மாதிரி சாத்தி வைத்த ஒருவன்மேல்.

அது ஒரு மார்கழி. ஜவ்வாது மலைப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். நன்றாகத்தான் கழுவினேன். போடுவதற்குக் கடையில் மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கிவந்து, குழந்தைக்குத் தலையில் வைக்கிற மாதிரி தாராளமாக ஊற்றி, வாயை மேலே வைத்துச் சாத்தினேன். இரண்டு நாள் அப்படியே நின்றது. சொட்டு சொட்டாக எண்ணெய் முழுக்க அடியில் இறங்கியது. அடியில் என்ன இருக்கிறது? மருந்தறை. அங்கிருந்து நிப்பிளுக்கு, அதாவது கேப் உட்காரும் சின்னத் துளைக்குழாய்க்கு, போகும் சின்னக் கண்.

அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. குதிரை விழுந்து கேப் வெடித்ததும், அந்த நெருப்பு நிப்பிளின் துளை வழியாக இறங்கி, பல துப்பாக்கிகளில் முழங்கை மாதிரி ஒரு வளைவில் திரும்பி, மருந்தைத் தொட வேண்டும். வழி சுத்தமாக இருந்தால் கேப் சத்தமும் குழல் சத்தமும் ஒன்றாகத்தான் காதில் விழும். வழியில் எண்ணெயோ ஈரக் கசடோ இருந்தால் நெருப்பு அங்கேயே பாதி செத்துவிடும். மருந்தும் எண்ணெயில் ஊறியிருந்தால் பிடிக்கலாமா வேண்டாமா என்று கனன்றுகொண்டிருக்கும்.

சென்னையில் தேங்காய் எண்ணெய் வருடத்தில் பெரும்பாலும் நீராகத்தான் இருக்கும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவனுக்கு அப்போது எங்கே தோன்றும்? மலையில் மார்கழி விடியற்காலை. பெரியவர் காட்டுப்பன்றியை விரட்ட, குண்டு போடாமல், வெறும் சத்தத்துக்கு மருந்தை மட்டும் கெட்டித்திருக்கிறார். குதிரையை விட்டார். ‘சட்’. அவ்வளவுதான். மெழுகு மாதிரி உறைந்த எண்ணெய் கண்ணை முக்கால்வாசி அடைத்திருக்கிறது. சரி, கேப் சரியில்லை போல என்று துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றி, இடுப்பு முடிச்சில் வேறு கேப் தேடக் குனிந்தார். குழல் அப்போது வெடித்தது.

அன்றைக்கு அவர் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது, குழலில் குண்டும் இல்லை. தலைத் துண்டு கருகி, ஒரு புருவம் பொசுங்கி, மூன்று நாள் காது கேட்காமல் போனதோடு முடிந்தது. பொங்கல் கழித்துக் கடைக்கு வந்தார். பில்லை எடுத்து மேசைமேல் வைத்து, ‘எண்ணெய் 2 ரூபாய்’ என்று நான் எழுதிய வரியில் விரலை வைத்தார். “தம்பி, இதுக்குக் காசு வேற வாங்கினியே” என்றார். இரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

மெஷின் எண்ணெய் போட்டிருந்தால் உறைந்திருக்காதே என்று கேட்கலாம். உறையாது. ஆனால் மிச்சக் கசடோடு சேர்ந்து கறுப்புக் களியாகும், அதுவும் அதே கண்ணைத்தான் அடைக்கும். எந்த எண்ணெய் என்பது இரண்டாவது கேள்வி. எவ்வளவு, எங்கே போய்த் தங்குகிறது என்பதுதான் முதல் கேள்வி. துணியில் நாலு சொட்டு விட்டு, குழலுக்குள் ஒருதரம் இழுத்தால் போதும். பிறகு வாயைக் கீழே வைத்து ஒரு பழந்துணிமேல் நிறுத்த வேண்டும். அதிகமானது எதுவோ அது துணியில் இறங்கட்டும்.

அப்புறம், சுடப் போகிற நாளில், மருந்து போடும் முன் குழலை உலர்ந்த துணியால் துடைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். வெறும் குழலில் இரண்டு கேப் அடித்துப் பார்க்க வேண்டும். நான் பையன்களுக்குக் காட்டுவது இப்படி: தரையில் ஒரு சிட்டிகை கோலமாவு. குழல் வாயை அதற்கு நாலு விரற்கடை மேலே பிடித்துக் கேப் அடி. மாவு பறந்தால் வழி திறந்திருக்கிறது. பறக்காவிட்டால் நிப்பிளைக் கழற்று. முதல் கேப்பில் மாவு பறக்காமல் ஈரப் புள்ளி விழுந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்!

நிப்பிள் துளையைப் பெரிதாக்குவது

நெருப்பு நன்றாகப் போகட்டும் என்று டிரில் விடுகிறார்கள். உள்ளே வெடிக்கும்போது காற்று அதே வழியில் திரும்பி வந்து குதிரையைத் தூக்கும், கேப் சில்லு கண்ணுக்கு வரும். மெல்லிய கம்பியால் குத்தி எடு, போதும். தேய்ந்து அகலமாகிவிட்டால் புதிது போடு.

‘சட்’ என்றதும் குழலைத் தாழ்த்துவது

பெரியவர் செய்தது. தோளில் இருந்தபடியே, ஆளில்லாத பக்கம் பார்த்தபடியே குறைந்தது ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். எங்கள் கடையில் கணக்கு இரண்டு நிமிடம். கை வலிக்கும், வலிக்கட்டும். பிறகு வேறு கேப் வைத்து மறுபடி அடி. அதிலும் பற்றாவிட்டால் மறுபடி காத்திரு. கடைசியில் பழைய கேப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊற வைத்த பிறகுதான் லோடை வெளியே எடுப்பது.

தோட்டா மருந்தை எடுத்துப் போடுவது

12 போர் ஷாட்கன் தோட்டாவைப் பிரித்து அதன் புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழல் பிளக்கும். கை மிஞ்சாது.

தேர்தல் முடிந்து திரும்ப வாங்கிய துப்பாக்கியை அப்படியே பயன்படுத்துவது

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கியைப் பெரும்பாலும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் எங்கோ ஒரு மூலையில் நிற்கும், வாய் மேலே, கட்டை கீழே. ஒப்படைக்கும் முன் கழுவாத துப்பாக்கியில் கசடு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாகும். கழுவி எண்ணெய் போட்டதில் எண்ணெய் அடியில் இறங்கியிருக்கும். தேர்தல் முடிந்த மாதம் எங்கள் கடைக்குக் கூட்டம் வருவது இதனால்தான். கொடுக்கும் முன் ஒருதரம், வாங்கியதும் ஒருதரம் சுத்தம் செய்ய வேண்டும்.

பையன் புளியந்தோப்பு. பவுடர் மில்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. அந்தப் பெயரில் இருக்கும் பவுடர் முகத்துக்குப் போடுவது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தானாம். வெடிமருந்து என்றதும் நம்பவில்லை. அவன் சாத்தி வைத்த துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, பனியன் துணிமேல் நிறுத்தச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துத் துணியைக் காட்டினான். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் வட்டம், நடுவில் கறுப்பு.

“இம்மாம் எண்ணெயா ஊத்தினேன்?” என்றான்.

கழற்றிய நிப்பிளையும் கோலமாவு டப்பாவையும் அவன் பக்கம் தள்ளினேன்.